காரியஸ்தரின் சிரிப்பு

லூர்மோ கிராமம், சார்த்ர் வழி
1788, ஜூலை 20

சேசு, மரி, சூசை துணை.

தம்பி அன்செல்முக்கு அக்கா சிதோனி எழுதுவது. நான், உன் அத்தான், குழந்தை பெரின் மூவரும் சுகம். உன் மார்ச்சளி விட்டதா? பாரிஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். காய்ச்சிக் குடி.

போன ஞாயிறு காலை இங்கே ஆலங்கட்டி மழை பெய்தது. பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அறுவடைக்கு அரிவாள் தீட்டி வைத்திருந்த நேரம். கல் ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. அரைமணிக்குள் கோதுமை முழுதும் சேற்றோடு சேறாகிவிட்டது. வயலெங்கும் முயல்கள் செத்துக் கிடந்தன. அவற்றையாவது சமைக்கலாம் என்று பார்த்தால், கோட்டைக் காவல்காரன் வந்து, "முயல் பிரபுவோடது, செத்தாலும் பிரபுவோடதுதான்" என்று பொறுக்கிக்கொண்டு போனான்.

கோட்டைப் புறாமாடத்தில் மட்டும் ஓர் ஓடுகூட உடையவில்லை. உன் அத்தான் அதைப் பார்த்து, "கடவுளும் கோட்டைக்குச் சொந்தக்காரரு போலிருக்கு" என்றார். பின்னால் பங்குச்சாமியார் நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாளே காரியஸ்தர் பொனாமி வந்தார். பிரபுவின் கதிர்ப்பங்கை விளைந்ததில் அவர் கேட்கவில்லை. விளைந்திருக்க வேண்டியதில் கேட்கிறார். இதைப் பற்றி அங்கே பெரியவர்கள் ஏதாவது பேசிக்கொள்கிறார்களா? விசாரித்து எழுது.

உன் அக்கா,
சிதோனி


பாரிஸ்
1788, ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சளி போய்விட்டது. உறக்கமும் போய்விட்டது. அது வியாதி இல்லை. இங்கே இப்போது யாரும் உறங்குவதில்லை.

ராஜா மகாசபையைக் கூட்டப் போகிறார் அக்கா. குருக்கள், பிரபுக்கள், மற்றவர்கள் என்று மூன்று வகுப்பும் வந்து உட்காரும் சபை. நூற்றெழுபது வருஷத்துக்கும் மேலாகக் கூடாதது. கஜானா காலியான பிறகுதான் அவருக்கு நம் ஞாபகம் வந்திருக்கிறது. "மற்றவர்கள்" என்றால் யார் தெரியுமா? நீ, நான், அத்தான், நாடு முழுதும். காப்பிக்கடையில் மேசைமேல் ஏறி நின்று இதைப் பேசுகிறார்கள். அரசு என்பது மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை என்றால், நம்மிடம் யார் வந்து கேட்டார்கள்? இந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டுவிட்டால் பிறகு வேறு எதையும் யோசிக்க முடிவதில்லை.

எங்கள் மேசையில் ஃபிர்மேன் என்று, பிரபுக்களுக்கு மாவு தூவிய டோப்பா செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். "இருபது வருஷமா பிரபுக்கள் தலையைத் தொட்டுப் பாத்துட்டேன். மேல மாவு, உள்ள ஒண்ணுமில்ல" என்பார். எங்கள் தலையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "உன் தலைக்கு மாவு ஏதுய்யா, ரொட்டிக்கே மாவில்ல" என்றார்.

கோர்ட்டு வேலை எனக்குக் கிடைக்கவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்தேன். நாலு தலைமுறைப் பிரபுப் பட்டம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நம் அப்பா பள்ளிக்கூட வாத்தியார் என்றேன். கதவைக் காட்டினார்கள். இப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். உன் கல்யாணத்தின்போது நான் சொன்னதை மறுபடி சொல்லப் போவதில்லை. ஆனாலும் அப்பாவிடம் அவ்வளவு படித்துவிட்டு நீ அந்தச் சேற்றில் நிற்கிறாயே என்று தோன்றாமல் இல்லை. அத்தான் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

அன்செல்ம்


லூர்மோ
1788, நவம்பர் 9

சேசு, மரி, சூசை துணை.

தம்பிக்கு. வீட்டில் சுகம். பெரினுக்கு முன்பல் விழுந்தது. நீ கடிதத்தின் தலையில் சாமி பெயர் எழுதுவதை விட்டுவிட்டாய், கவனித்தேன். உன் இஷ்டம்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். கடன் வாங்கிய விதையை எல்லோரும் விதைத்து முடித்தோம். விதைக்கிற மாதத்தில் புறாமாடத்தை அடைத்துவைப்பது வழக்கம். இந்த வருஷம் அடைக்கவில்லை. பிரபுவின் புறாக்கள் கூட்டமாக இறங்கி விதையைத் தின்றன. கையைத் தட்டி விரட்டலாம், கல் எறியக்கூடாது. இந்த ஊரில் ஒருவர் மூன்று நாள் கையைத் தட்டிக்கொண்டு வயலில் நின்றார். நாலாம் நாள் பழைய துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார். காவல்காரன் வந்து கையைக் கட்டி இழுத்துப் போனான். இப்போது சார்த்ர் சிறையில் இருக்கிறார். துப்பாக்கி வைத்திருந்தது தனிக் குற்றமாம்.

அவர் மனைவி எனக்கு வேண்டியவள். காரியஸ்தர் பொனாமியிடம் போய் மண்டியிட்டுக் கேட்டிருக்கிறாள். "சட்டத்துல இருக்கறது நடக்கும்" என்று மட்டும் சொன்னாராம். கடிதம் பல கை மாறி வருவதால் பெயர்களை எழுதவில்லை.

உனக்கு வக்கீல்களைத் தெரியும். யாராவது ஒருவர் சார்த்ர் நீதிபதிக்கு ஒரு மனு எழுதிப் போட்டால் போதும் என்று சாமியார் சொல்கிறார். குளிர் இறங்குவதற்குள் செய்தால் நல்லது. சிறையில் வைக்கோலும் கிடையாதாம்.

உடனே பதில் எழுது தம்பி.

சிதோனி


பாரிஸ்
1789, ஜனவரி 3

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். சேன் ஆறு உறைந்துபோய் மேலே வண்டி ஓட்டுகிறார்கள். ரொட்டிக்கடை வாசலில் பெண்கள் இருட்டோடு வந்து நிற்கிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அத்தானிடமிருந்து ஒரு வரியும் இல்லையே. என்மேல் கோபமா?

உன் கடிதத்தைப் படித்த அன்றே காப்பிக்கடையில் புறாக் கதையைச் சொன்னேன். ஃபிர்மேன் எழுந்து, "இதை இங்க சொல்லி என்ன பிரயோசனம், ஊருக்குச் சொல்லுய்யா" என்றார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எழுந்தபோது பதினாறு பக்கம் முடிந்திருந்தது. எங்கள் அச்சகத்திலேயே ஆசிரியர் பெயரில்லாமல் அடித்தோம். ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. சாரட்டில் போகிற சீமாட்டிகள்கூட வாங்கி அழுகிறார்கள். ஊரின் முதலெழுத்தை மட்டும் போட்டேன்.

வக்கீலை மறக்கவில்லை. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பார்க்கிறேன். ஆனால் யோசித்துப் பார் அக்கா, ஒருவரை வெளியே எடுத்தால் இன்னொருவர் உள்ளே போவார். சட்டத்தையே தூக்கிப்போட்டால் எல்லோரும் வெளியே வருவார்கள்.

ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. அந்தப் பெண் மண்டியிடும் இடத்தைப் படி. அதுதான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

அன்செல்ம்


லூர்மோ
1789, பிப்ரவரி 3

தம்பிக்கு,

கடிதமும் புத்தகமும் வந்தன. எழுத்து நன்றாக இருக்கிறது. அப்பா இருந்திருந்தால் இரண்டு இடத்தில் வாக்கியத்தைச் சுருக்கச் சொல்லியிருப்பார்.

வக்கீலைப் பார்க்க வேண்டாம். இனித் தேவையில்லை.

பெரின் சுகம். குளிரில் அலையாதே.

சிதோனி


பாரிஸ்
1789, பிப்ரவரி 26

அன்புள்ள அக்கா,

தேவையில்லை என்றால், அந்த மனிதர் விடுதலையாகிவிட்டார் என்றுதானே அர்த்தம்? புத்தகத்தின் பலனாகக்கூட இருக்கலாம். யாருக்குத் தெரியும், சார்த்ர் நீதிபதியின் மனைவியும் படித்திருப்பாள். கேட்டதும் ஃபிர்மேன் எனக்கு ஒரு குவளை மது வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் பதிப்பு போய்க்கொண்டிருக்கிறது. நேற்று பாலத்தின்மேல் ஒருவன் அதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "மண்டியிட்டவளைப் பார்த்துக் காரியஸ்தர் சிரித்தார். ஆயிரம் வருஷத்து அநியாயம் அந்தச் சிரிப்பில் பல்லைக் காட்டியது." பக்கத்தில் நின்று கேட்டேன். நான்தான் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. நீ மட்டும்தான் இதைப் பற்றி இரண்டு வரியில் எழுதியிருக்கிறாய்.

போகட்டும். மார்ச்சில் ஒவ்வொரு பங்கிலும் கூட்டம் போட்டு ஊரின் குறைகளை எழுதி ராஜாவுக்கு அனுப்ப வேண்டும். பயந்துகொண்டு பொதுவாக எழுதாதீர்கள். உப்பு வரி, கதிர்ப்பங்கு, புறாமாடம் எல்லாம் பெயர் சொல்லி வரவேண்டும். அத்தானைப் பேசச் சொல். அவர் குரல் வயலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

அன்செல்ம்


லூர்மோ
1789, மார்ச் 10

சேசு, மரி, சூசை துணை.

தம்பிக்கு. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்டபடி கூட்டம் நடந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோவிலுக்குள்ளேயே. வரி கட்டுகிற குடும்பத்தலைவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். கொல்லர் மத்துரேன் பெயருக்குப் பிறகு என் பெயரை வாசித்தார்கள். "இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. காரியஸ்தர் பொனாமி தூண் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாமியார் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

"பாலம் ரிப்பேர் பண்ணணும்னு எழுதலாம்" என்றார் ஒருவர்.

"பாலத்துக்காகவா ராஜா கேக்கறாரு?" என்றார் மத்துரேன்.

"அப்ப நீயே சொல்லு."

"சொல்றேன், அவரை வெளிய போகச் சொல்லு."

பொனாமி நகரவில்லை. மத்துரேன் சட்டைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். உன் புத்தகம். சந்தையில் வாங்கினாராம். எழுத்துக்கூட்டி வாசித்தார். நம் ஊர்தான் என்று மூன்றாவது வரியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் மண்டியிடும் இடம் வந்தபோது சிலர் அழுதார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொனாமி எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சொன்னார்கள். நானும் எழுந்து சொன்னேன். பள்ளிக்கூட வாத்தியார் மகள் என்பதால் எழுதுகிற வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். புறாமாடங்கள் இடிக்கப்பட வேண்டும் என்று எழுதினேன். "வேண்டுகிறோம்னு போடும்மா, ராஜாவாச்சே" என்றார் சாமியார். போட்டேன்.

பெரின் உன்னைக் கேட்டாள்.

சிதோனி


பாரிஸ்
1789, மார்ச் 19

அக்கா,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாகத்தான் இருந்தது. ஃபிர்மேனுக்குப் படித்துக் காட்டினேன். அவர்தான், "உன் அக்கா எப்படிய்யா உள்ள உக்காந்தாங்க? அத்தானைத்தானே கூப்பிட்டிருப்பாங்க" என்றார்.

குடும்பத்தலைவி என்று ஒரு பெண்ணின் பெயரை எப்போது வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கணவன் இல்லாவிட்டால்தான் வாசிப்பார்கள்.

ஆகஸ்டுக்குப் பிறகு நீ எழுதிய எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் அவர் இல்லை.

அத்தான் எங்கே அக்கா?

அன்செல்ம்


லூர்மோ
1789, மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

உன் அத்தான் கிராசியன் ஜனவரி பத்தொன்பதாம் தேதி சார்த்ர் சிறையில் காய்ச்சலில் இறந்துபோனார். எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுத் தூனோ தன் வண்டியில் கூட்டிப்போனார். மண் உறைந்து கிடந்ததால் குழி தோண்ட முடியாமல் இரண்டு நாள் காத்திருந்தோம்.

துப்பாக்கி எடுத்தவர் அவர்தான். மண்டியிட்டவள் நான்தான். ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த ஆளோடு போனால் ஒருநாள் யார் காலிலாவது விழுவாய் என்றாய். விழுந்தேன் என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. வேறு யாருக்கோ என்று கேட்டாலும் செய்வாய் என்று நினைத்தேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது என்று எழுதினால் அதுவும் முழு உண்மை இல்லை. அந்தப் புத்தகத்தை மத்துரேன் வாசித்தபோது எனக்கும் அழுகை வந்தது. அதில் இருக்கிற மனிதருக்காக அழுதேன். அவர் கிராசியன்தான் என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ஒன்று மட்டும். பொனாமி சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். அவர் சிரிக்கவில்லை. பேரிக்காயைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அது உனக்கு எழுதப் போதவில்லை போலும்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடாமல் இருக்காதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும்.

சிதோனி


பாரிஸ்
1789, ஜூலை 18

அன்புள்ள அக்கா,

மூன்றரை மாதம். ஒவ்வொரு வாரமும் எடுத்து எழுதிக் கிழித்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதினால் அதுவும் அச்சுக்குப் போகிற வாக்கியம் மாதிரியே வந்து நிற்கிறது. வக்கீல் வீடு என் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை இங்கே ராஜாவின் சிறைக்கோட்டை விழுந்தது. உனக்குச் செய்தி வந்திருக்கும். நானும் கூட்டத்தில் இருந்தேன். அத்தானை நினைத்துக்கொண்டுதான் போனேன். கதவு திறந்தபோது முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்து அழுதேன். நாங்கள் பேசியதும் எழுதியதும் எல்லாம் கை கால் முளைத்து நடந்துபோவது மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஈட்டியில் ஒரு தலையைக் குத்திக்கொண்டு வந்தார்கள். ஃபிர்மேன் அதைப் பார்த்து, "இந்தத் தலைக்கு நான் டோப்பா செஞ்சிருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. அப்போதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

கிராமங்களிலும் கோட்டைகளுக்குத் தீ வைக்கிறார்கள் என்று கேள்வி. நீயும் பெரினும் பத்திரமா? அடைத்துவைத்திருக்கும் நகர வாசல்கள் திறந்ததும் புறப்பட்டு வருகிறேன்.

அன்செல்ம்


லூர்மோ
1789, ஆகஸ்ட் 14

சேசு, மரி, சூசை துணை.

அன்புத் தம்பிக்கு. நானும் பெரினும் பத்திரம். கஞ்சியாவது வைத்துக் குடி, வயிற்றைக் காயப்போடாதே.

ஜூலைக் கடைசியில், பிரபுவின் ஆட்கள் கொள்ளைக்காரர்களை ஏவி நிற்கிற கதிரைக் கொளுத்த வருகிறார்கள் என்று ஒரு வதந்தி வந்தது. மணி அடித்தார்கள். ஆண்கள் கவைக்கோலும் கோடரியுமாகக் கூடினார்கள். கொள்ளைக்காரர்கள் யாரும் வரவில்லை. கூடிய கூட்டம் கலையவும் இல்லை. கோட்டைக்குப் போனது. நானும் போனேன்.

பிரபு எப்போதோ தேசத்தைவிட்டு ஓடிவிட்டார். புறாமாடத்தை இடித்தார்கள். ஊரே புறா தின்றது. பிறகு மதுக் கிடங்கிலிருந்து பொனாமியை இழுத்து வந்தார்கள். செருப்பில்லாமல், சட்டை கிழிந்து நின்றார். முற்றத்துப் பெரிய மரத்தில் கயிறு மாட்டியாகிவிட்டது. எழுதியது நீ என்று இதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மத்துரேன் படிக்கட்டில் ஏறி உன் புத்தகத்தை வாசித்தார். இப்போதெல்லாம் அவர் எழுத்துக்கூட்டுவதில்லை. மனப்பாடம். சிரித்தார் என்ற இடத்தில் நிறுத்தினார்.

"சிதோனி, நீயே எல்லாருக்கும் சொல்லிடு. இவன் சிரிச்சானா?"

அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். பொனாமியும் பார்த்தார். அவர் கண்ணில் பயம் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்த குறி மட்டும் இல்லை. காலில் விழுந்தவளை அவருக்கு ஞாபகமே இல்லை தம்பி.

ஆமாம் என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல" என்றேன். "பேரிக்கா சீவிக்கிட்டு இருந்தாரு. என்னை நிமிந்துகூடப் பாக்கல."

"அப்ப உன் தம்பி பொய்யா எழுதியிருக்கான்?"

"ஆமா. நல்லா எழுதுவான்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதில் கயிறு பிடித்திருந்தவர்களின் கை தளர்ந்துவிட்டது. நாலு அடி போட்டு ஊர் எல்லை வரை விரட்டிவிட்டார்கள். வெறுங்காலோடு ஓடினார். மத்துரேன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவர் மனைவி எனக்கு ரொட்டி சுட அடுப்பு தருவதில்லை. சாமியார் மட்டும் மெச்சினார்.

மகாசபையில் பிரபுக்களே எழுந்து நின்று வேட்டை உரிமை, புறா உரிமை எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டார்களாம். பூசையில் வாசித்தார்கள். சிறையில் இருக்கிற வேட்டைக் கைதிகளையெல்லாம் விடச் சொல்லியிருக்கிறதாம். கேட்டுக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். நேற்று கோட்டைக் காவல்காரனைக் காட்டில் பிடித்துவிட்டார்கள். கிராசியன் கையைக் கட்டி இழுத்துப் போனானே, அவன்தான். ஞாயிறு பூசைக்குப் பிறகு ஊர் கூடி அவனை விசாரிக்கப் போகிறது. என்னையும் வந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். மத்துரேன் ஆள் அனுப்பியிருந்தார். "பொய் எழுதினதை நீதான் பொய்னு சொன்ன. உன் வாயால வர்றதை மட்டும் கேக்கறோம்" என்று.

தம்பி, உனக்கு நான் எழுதாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு வயலில் கிராசியன் தடுக்கிச் சேற்றில் விழுந்தபோது, அந்தக் காவல்காரன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெரினும் பார்த்தாள்.

ஞாயிறுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்திருப்பேன். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. நீ வரும்போது அதை உன்னிடம் நேரில் சொல்கிறேன். எதுவாக இருந்தாலும் நீ அதை எழுதக்கூடாது.

உன் அக்கா,
சிதோனி